அடகு வைக்கும் முன் மீட்கும் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்

அடகு வைக்கப் போகிறவர் கேட்கும் முதல் கேள்வி, "இதுக்கு எவ்வளவு தருவீங்க?" என்பது. எதிரில் இருப்பவர் அந்தக் கேள்விக்குத் தயாராகவே இருப்பார். பொருளை எடை போடுவார், அதிகபட்சத் தொகையைச் சொல்வார், "வேணும்னா முழுசும் வாங்கிக்குங்க" என்பார். சிக்கல் அங்கேயே தொடங்கிவிடுகிறது. அடகுக் கணக்கை மீட்கும் நாளிலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும். எந்தத் தேதியில், எங்கிருந்து பணம் வரும்? அன்றைக்கு அசலும் வட்டியும் சேர்ந்து எவ்வளவு ஆகியிருக்கும்? அதை ஒரே தவணையில் எடுத்துவைக்க முடியுமா? இவற்றுக்கு விடை இருந்தால் வட்டி கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் தப்பிக்கலாம். விடை இல்லையென்றால் குறைந்த வட்டியிலும் பொருள் மூழ்கும்.

வீடு, நிலம் இந்தப் பதிவில் வராது. எடுத்துக் கொடுக்கக்கூடிய அல்லது ஓட்டிச் செல்லக்கூடிய பொருள்கள் மட்டும்: நகை, கைக்கடிகாரம், கேமரா, மடிக்கணினி, இசைக்கருவி, தொழில் கருவி, வாகனம். உதாரணத் தொகைகளுக்கு நாணயப் பெயர் போடவில்லை. எந்த நாணயத்தில் போட்டாலும் கணக்கு ஒன்றுதான்.

கையெழுத்துப் போடுவது எதற்கு என்று பாருங்கள்

பொருளை வைத்துப் பணம் வாங்குவதில் மூன்று வகை உண்டு. வெளிப்பார்வைக்கு மூன்றும் ஒன்றுபோல் இருக்கும். சட்டப்படி வெவ்வேறு.

முதலாவது அடகு. பொருள் கடன் கொடுத்தவரிடம் போய்விடும், உரிமை உங்களிடமே இருக்கும். இந்தியாவில் 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 172 முதல் 179 வரையுள்ள பிரிவுகளில் இதைச் சொல்கிறது. பொருளை வாங்கி வைத்திருப்பவர், சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளைப் பார்த்துக்கொள்கிற அளவுக்கு அதைப் பாதுகாக்க வேண்டும் என்பது அதே சட்டத்தின் 151ஆம் பிரிவு.

இரண்டாவது, பொருள் உங்களிடமே இருக்க, அதன் மேல் கடன் கொடுத்தவரின் பிடி மட்டும் பதிவாவது. வாகனக் கடன் பெரும்பாலும் இப்படித்தான். வண்டி உங்கள் வாசலில் நிற்கும், பதிவுச் சான்றில் கடன் கொடுத்தவர் பெயர் ஏறியிருக்கும். நகையை இழந்தால் மனம் வலிக்கும், வண்டியை இழந்தால் வேலைக்குப் போகும் வழியே அடைபடும். அமெரிக்காவில் வாகன உரிமைப் பத்திரத்தை வைத்துக் குறுகிய காலக் கடன் வாங்குவோரில் ஐந்தில் ஒருவர் வண்டியைப் பறிகொடுக்கிறார் என்று அந்நாட்டு நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2016இல் கண்டறிந்தது. பிழைப்புக்கு ஓட்டும் வண்டியையும், தினமும் கையில் எடுக்கும் தொழில் கருவியையும் ஈடாக வைப்பதைக் கடைசி வழியாகவே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. கடனை அடைக்க வேண்டிய வருமானத்தையே அல்லவா ஈடு வைக்கிறோம்.

மூன்றாவதுதான் ஆபத்து: "விற்றுவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்வது". வாய்ப்பேச்சில் அடகு, காகிதத்தில் கிரயம். ரசீதில் 'விற்பனை', 'வாங்கியவர்' போன்ற சொற்கள் இருந்தால் பொருளின் உரிமை அந்த நிமிடமே கைமாறிவிட்டது. திரும்ப வாங்கும் விலை எவ்வளவு, எந்தத் தேதி வரை என்பது அதில் எழுதப்படாமல் இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

இதற்கு ஒரு பழைய உறவுக்காரர் உண்டு: "கடன் கட்டாவிட்டால் பொருள் எனக்கே, கணக்குக் கேட்கக் கூடாது" என்ற நிபந்தனை. ரோமாபுரியில் இது அவ்வளவு கொடுமையாகிப்போய், நான்காம் நூற்றாண்டில் கான்ஸ்டன்டைன் பேரரசர் இதைத் தடை செய்தார். கட்டாவிட்டால் பொருளை விற்கலாம், கடன் போக மிச்சத்தை உடையவருக்குத் தர வேண்டும் என்ற ஏற்பாடு இன்று பல நாடுகளில் இருக்கிறது. எல்லா இடத்திலும் முழுமையாக இல்லை. பிரிட்டனில் 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி மீட்கும் காலம் குறைந்தது ஆறு மாதம். அந்த ஆறு மாதம் முடிந்தும் மீட்காத 75 பவுண்டு வரையிலான சிறு அடகில் பொருள் கடைக்காரருக்கே சொந்தமாகிவிடும். அதற்கு மேலான தொகை என்றால் விற்றுக் கணக்குக் காட்ட வேண்டும்.

எடை, கழிவு, மாற்று

கடன் தொகை தீர்மானமாவது தராசிலும் உரைகல்லிலும். அந்தப் பத்து நிமிடம் கவனமாக இருந்தால் மற்ற எல்லாப் பேரத்தையும்விட அதிகம் மிஞ்சும்.

தராசு வெறுமையாக இருக்கும்போது சுழியம் காட்டுகிறதா என்று முதலில் பாருங்கள். மேலே மின்விசிறி ஓடினால் கடைசி இலக்கம் ஆடிக்கொண்டே இருக்கும், நிறுத்தச் சொல்லலாம். ஒவ்வொரு உருப்படியையும் தனித்தனியாக எடை போடச் சொல்லுங்கள். மொத்தமாகப் போட்டு ஒரே எண்ணை எழுதினால், மீட்கும்போது எதில் எடை குறைந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

பிறகு கழிவு. கல், முத்து, கருமணி, நூல், உள்ளே அடைத்த அரக்கு, மெழுகு ஆகியவற்றின் எடையைக் கழித்துவிட்டு நிகர எடை எழுதுவார்கள். கழிப்பது நியாயம், கண்மதிப்பில் கழிப்பதில்தான் வழக்கு. ஒரு காரட் கல்லின் எடை 0.2 கிராம். இருபது சின்னக் கல் பதித்த மோதிரத்தில் கல் ஒவ்வொன்றும் 0.02 காரட் என்றால் எல்லாம் சேர்ந்து 0.08 கிராம்தான். அதற்கு அரை கிராம் கழித்தால் எதற்கு என்று கேளுங்கள். நகை வாங்கிய ரசீதில் மொத்த எடையும் நிகர எடையும் தனித்தனியாக இருக்கும். அதைக் கையோடு எடுத்துப் போவது பாதிச் சண்டையை அங்கேயே முடித்துவிடும். அரக்கு அடைத்த நகையில் மட்டும் கடைக்காரர் கொஞ்சம் அதிகமாகக் கழிப்பதில் நியாயம் உண்டு. உருக்காமல் உள்ளே எவ்வளவு இருக்கிறதென்று அவருக்கும் தெரியாது.

அடுத்தது மாற்று, அதாவது தங்கத்தின் தூய்மை. 22 காரட் என்றால் நூற்றுக்கு 91.6 பங்கு தங்கம், அதனால்தான் 916 என்ற முத்திரை. 18 காரட் 750, 14 காரட் 585, 9 காரட் 375. உரைகல்லில் நகையைத் தேய்த்து, மாற்றுத் தெரிந்த ஊசியின் கோட்டோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, மேலே அமிலம் விட்டுப் பார்ப்பது பழைய முறை. நைட்ரிக் அமிலம் செம்பையும் வெள்ளியையும் கரைக்கும், தங்கத்தைத் தொடாது. மாற்றுக் கூடிய நகைக்கு ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலந்த திராவகம் வேண்டும். அனுபவக் கை தேய்த்தால் பழுதில்லாத முடிவு கிடைக்கும். ஆனால் தேய்க்கும் இடம் முக்கியம். கொக்கியிலோ பற்றவைத்த இடத்திலோ தேய்த்தால் மாற்றுக் குறைவாகத்தான் காட்டும், ஏனென்றால் பற்றுப்பொடியில் தங்கம் குறைவு. "வேறு இடத்திலும் ஒருமுறை உரசுங்க" என்று சொல்வதில் தப்பே இல்லை. முத்தும் பவளமும் பதித்த நகையில் அமிலம் கிட்டே வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டும் அடிப்படையில் சுண்ணாம்புச் சத்து, ஒரு துளி பட்டால் பளபளப்புப் போய்விடும்.

எக்ஸ்-கதிர் இயந்திரம் திரையில் எண்ணைக் காட்டுவதால் அதுதான் இறுதித் தீர்ப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அது பார்ப்பது மேற்பரப்பின் சில மைக்ரான் ஆழத்தை. கனமான முலாம் அதை ஏமாற்றும். நகையில் படிந்த அழுக்கும் பூச்சும் எண்ணைக் குறைத்தும் காட்டும். ஆகவே வைப்பதற்கு முன் வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவித் துடைத்துக்கொண்டு போவது நல்லது.

அடர்த்தி பார்ப்பது மூன்றாவது வழி. சுத்தத் தங்கம் ஒரு கன சென்டிமீட்டருக்கு 19.3 கிராம், 22 காரட் ஏறத்தாழ 17.7. நீரில் தொங்கவிட்டு எடை எவ்வளவு குறைகிறது என்று பார்த்தால் அடர்த்தி தெரிந்துவிடும். கல் பதித்ததற்கும் உள்ளீடற்ற நகைக்கும் இது உதவாது. டங்ஸ்டனின் அடர்த்தி 19.25, தங்கத்துக்கு ஒட்டியே நிற்கும். சுத்தத் தங்கக் கட்டியையும் நாணயத்தையும் கடைக்காரர் கூடுதலாகச் சந்தேகப்படுவது அதனால்தான். சங்கிலியில் அந்தப் பயம் குறைவு. டங்ஸ்டன் உருக 3,400 டிகிரி செல்சியசுக்கு மேல் வெப்பம் வேண்டும், அதுவும் நொறுங்கும் உலோகம். அதைக் கம்பி இழுத்துக் கண்ணி கோப்பது லேசான காரியமில்லை.

மாற்றில் ஒரு படி குறைத்து எழுதினால் என்ன ஆகும்? மொத்த எடை 25.40 கிராம், கழிவு 2.20 கிராம், நிகரம் 23.20 கிராம் என்று வைத்துக்கொள்வோம். சுத்தத் தங்கம் கிராம் 100. 916 என்றால் சுத்தத் தங்கம் 21.25 கிராம், மதிப்பு 2,125, அதில் 75 சதவீதம் கடன் என்றால் 1,594. அதே நகையை 20 காரட் என்று எழுதினால் மதிப்பு 1,933, கடன் 1,450. கடன் குறைந்ததுகூடப் பெரிதில்லை. அடகுச் சீட்டில் 20 காரட் என்று ஏறிவிட்டால், நாளைக்கு நகை தொலைந்து நஷ்டஈடு என்று வந்தாலும் ஏலம் என்று வந்தாலும் அந்த எழுத்துத்தான் பேசும்.

கூலியும் சேதாரமும் எந்தக் கணக்கிலும் வராது, வாங்கும்போது கொடுத்ததோடு போயிற்று. சின்ன வைரங்களையும் பெரும்பாலும் சுழியமாகவே எடுத்துக்கொள்வார்கள், மறுவிற்பனைச் சந்தை அவ்வளவு மெலிது. நுட்ப வேலைப்பாடும் கல்லும் நிறைந்த நகையை வீட்டில் வைத்துவிட்டு, கனமான, வேலைப்பாடு குறைந்த உருப்படியை அடகுக்கு எடுப்பதுதான் கெட்டிக்காரத்தனம். உடைமைக்கு நீங்கள் தரும் மதிப்புக்கும் தராசு தரும் மதிப்புக்கும் அதில்தான் இடைவெளி குறைவு.

மதிப்பில் எத்தனை பங்கு கடன்

அதிகக் கடன் தருபவர் தாராளமானவர் என்ற எண்ணம் பொதுவானது. விகிதம் ஏற ஏற, விலைச்சரிவைத் தாங்கும் இடைவெளி சுருங்குகிறது. தங்கம் விலை இறங்கினால் "கூடுதல் நகை வையுங்கள், இல்லையேல் கொஞ்சம் அசலைக் கட்டுங்கள்" என்று ஆள் வருவதும் இந்த இடைவெளி தீர்ந்துபோவதால்தான்.

இந்திய ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்ட விதிகளில் சொந்தச் செலவுக்கான கடனுக்கு அடுக்கடுக்காக வரம்பு வைத்தது: இரண்டரை லட்சம் ரூபாய் வரை மதிப்பில் 85 சதவீதம், ஐந்து லட்சம் வரை 80, அதற்கு மேல் 75. அதிலுள்ள ஒரு நுணுக்கம் பலர் கண்ணில் படுவதில்லை. கடைசியில் ஒரே தடவையாகக் கட்டும் கடனுக்கு, இந்த விகிதத்தைக் கைக்கு வரும் தொகையில் பார்க்கக் கூடாது, தவணை முடிவில் வட்டியோடு சேர்த்துக் கட்ட வேண்டிய தொகையில் பார்க்க வேண்டும். நகைக்கு எடுக்கும் விலையும் முந்தைய 30 நாள் சராசரி, நேற்றைய முடிவு விலை இரண்டில் எது குறைவோ அது. எந்த நாட்டில் இருந்தாலும் உங்கள் சொந்தக் கணக்குக்கு இது நல்ல அளவுகோல். வட்டியையும் சேர்த்துக் கட்டவேண்டிய மொத்தம் மதிப்பில் முக்கால் பங்கைத் தாண்டாதபடி கடனை நிறுத்திக்கொள்ளுங்கள். தேவை அதற்கும் குறைவென்றால் அந்தக் குறைவான தொகையையே வாங்குங்கள். வாங்காத பணத்துக்கு வட்டி கிடையாது.

வட்டியில் மறைந்திருப்பவை

மாதம் 2 சதவீதம் என்பது காதுக்குச் சின்னதாகக் கேட்கும். வருடத்துக்கு 24. மாதம் 3 என்றால் 36, கட்டாத வட்டி மாதாமாதம் அசலோடு சேர்ந்தால் 42.6. இதைத் தெரிந்தவர்கள்கூடக் கோட்டைவிடுவது வேறு நான்கு இடங்களில்.

நாள் கணக்கா, மாதக் கணக்கா என்பது ஒன்று. 10,000 கடன், மாதம் 2 சதவீதம், 31ஆம் நாள் மீட்கிறீர்கள். நாள் கணக்கில் வட்டி ஏறத்தாழ 207. 'ஒரு நாள் கூடினாலும் முழு மாதம்' என்ற கடையில் 400. மாதக் கணக்குக் கடையில் வைத்தால், முழு மாதம் முடிவதற்கு ஒருநாள் முன்னாலேயே போய் மீட்பது என்று நாட்காட்டியில் குறித்துக்கொள்ள வேண்டும்.

முன்வட்டி அடுத்தது. மூன்று மாத வட்டி 600ஐப் பிடித்துக்கொண்டு 9,400 கையில் கொடுத்தால், உண்மையில் 9,400க்குத்தான் 600 வட்டி கட்டுகிறீர்கள். மாதத்துக்கு 2.13 சதவீதம் ஆகிறது. ஒரே மாதத்தில் மீட்டால் மிச்ச 400ஐத் திருப்பித் தருவார்களா என்பதை வைக்கும்போதே கேட்டு, சீட்டில் எழுதி வாங்க வேண்டும்.

மதிப்பீட்டுக் கட்டணம், ஆவணக் கட்டணம் போன்ற நிலையான தொகைகள் குறுகிய காலக் கடனைத்தான் கடிக்கும். 10,000க்கு 100 கட்டணம் என்றால், ஒரு வருடத்தில் மீட்பவருக்கு அது ஒரு சதவீதம் கூடுதல், அவ்வளவுதான். ஒரே மாதத்தில் மீட்பவருக்கு அந்த மாதத்தின் வட்டி 2இலிருந்து 3 ஆகிவிடுகிறது. குறைந்த வட்டி, அதிகக் கட்டணம் உள்ள இடம் நீண்ட காலத்துக்கு ஏற்றது. ஓரிரு வாரத்துக்கு என்றால் வட்டி கூடினாலும் கட்டணம் இல்லாத இடமே லாபம்.

நான்காவது, படிப்படியாக ஏறும் வட்டி. விளம்பரத்தில் வரும் குறைந்த விகிதம் மாதாமாதம் தவறாமல் வட்டி கட்டுபவருக்கு மட்டும். ஒரு மாதம் தவறினால் அடுத்த படி, மூன்று மாதம் தவறினால் அதற்கும் மேல், சில இடங்களில் முதல் நாளிலிருந்தே உயர்ந்த விகிதம். "12 மாதமும் ஒன்றும் கட்டாமல் கடைசி நாளில் மீட்டால் மொத்தம் எவ்வளவு?" என்று ஒரே எண்ணைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு மூன்று கடைகளை ஒப்பிட அந்த ஒரு எண் போதும். சிங்கப்பூர் போன்ற இடங்களில் அடகு வட்டிக்கு மாதம் 1.5 சதவீதம் என்று சட்டமே உச்சவரம்பு வைத்திருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் ஒப்பிட வேண்டியது மதிப்பீட்டைத்தான்.

புதுப்பித்தல் என்னும் சறுக்குமரம்

அடகு மூழ்குவது பெரும்பாலும் ஒரே நாளில் நடப்பதில்லை. "இப்போதைக்குத் திருப்பி வைத்துக்கொள்ளலாம்" என்ற சின்ன முடிவுகள் சேர்ந்து மூழ்கடிக்கின்றன. 10,000 கடன், மாதம் 2 சதவீதம். வருட முடிவில் வட்டி கட்டாமல் அதையும் அசலாக்கிப் புதுச் சீட்டுப் போட்டால் 12,400. அடுத்த வருடம் 15,376. மூன்றாவது முடிவில் 19,066. முதலில் மதிப்பில் 75 சதவீதம் வாங்கியிருந்தால் பொருளின் மதிப்பு 13,333. இரண்டாம் வருடத்தின் நடுவுக்கு முன்பே கடன் பொருளைத் தாண்டிவிடுகிறது. 60 சதவீதம் மட்டும் வாங்கியிருந்தால் மதிப்பு 16,667. அதைத் தாண்ட இருபத்தெட்டு மாதமாவது ஆகும். ஆரம்பத்தில் குறைத்து வாங்கியது ஒரு வருட அவகாசத்தைத் தந்திருக்கிறது.

புதுப்பித்தே ஆக வேண்டும் என்றால் வட்டியையாவது முழுக்கக் கட்டிவிட்டு, அசலை மட்டும் புதுச் சீட்டுக்கு மாற்றுங்கள். கூடவே அசலில் பத்தில் ஒரு பங்கையேனும் குறைக்க முடிந்தால் நல்லது. இடையில் கட்டும் பணம் முதலில் வட்டிக்குத்தான் போகும் என்பது பொது வழக்கம். ரசீதில் 'வட்டிக்கு இவ்வளவு, அசலுக்கு இவ்வளவு, மீதி அசல் இவ்வளவு' என்று மூன்று எண்ணும் வர வேண்டும்.

இன்னொரு உபாயம், சீட்டைப் பிரிப்பது. ஐந்து உருப்படிகளை ஒரே சீட்டில் வைத்தால் முழுப் பணமும் கட்டும்வரை ஒரு மோதிரம்கூட வெளியே வராது. இரண்டு மூன்று சீட்டாகப் பிரித்தால் பணம் வர வர ஒவ்வொன்றாக மீட்கலாம், முடியாமல் போனாலும் ஒன்றுதான் போகும். சீட்டுக்குச் சீட்டு கட்டணம் இருந்தால் அதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

வங்கியில் வைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஒரு கடனுக்காக வைத்த பொருளை வேறொரு கடனுக்காகப் பிடித்து வைக்கக் கூடாது, அப்படி ஒப்பந்தம் இருந்தாலொழிய, என்கிறது இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 174ஆம் பிரிவு. ஆனால் 171ஆம் பிரிவு வங்கிகளுக்குப் பொதுவான பிடிப்புரிமை தருகிறது. அதே வங்கியில் கட்டாத வேறு கடன் இருந்தாலோ யாருக்காவது ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தாலோ, நகைக்கடனை அடைத்த பிறகும் நகை வெளிவராமல் சிக்கலாம். அங்கே நகை வைக்காதீர்கள்.

நகை அல்லாத பொருள்கள்

தங்கம் வருடக்கணக்கில் பெட்டிக்குள் கிடந்தாலும் அப்படியே இருக்கும். மற்றவை அப்படியில்லை. செல்பேசியும் மடிக்கணினியும் பெட்டிக்குள் இருக்கும்போதே விலை இறங்கும். அதனால் கடனும் குறைவு, காலமும் குறைவு. வைப்பதற்கு முன் தரவுகளை வேறிடத்தில் சேமித்து, கணக்கிலிருந்து வெளியேறி, தொலைத்தால் கண்டுபிடிக்கும் பூட்டை நீக்கி, முழுவதும் அழித்துவிட்டுக் கொடுங்கள். பூட்டு நீக்காத கருவி விற்கவே முடியாதது, ஆகையால் மதிப்பு கிட்டத்தட்ட சுழியம். பேட்டரி பாதி அளவு ஏற்றிய நிலையில் இருக்கட்டும். முழுக்க வடிந்த பேட்டரியைப் பல மாதம் கிடப்பில் போட்டால் மீண்டும் ஏறாமலே போகலாம். சார்ஜர், பெட்டி, வாங்கிய ரசீது மூன்றும் தொகையைக் கூட்டும்.

கேமரா வில்லைக்குப் பகை ஈரம்: காற்றோட்டமில்லாத இடத்தில் பூஞ்சை பிடிக்கும். கைக்கடிகாரத்துக்கு அதன் பெட்டியும் சான்றிதழும் முக்கியம். பேட்டரிக் கடிகாரத்தை நீண்ட நாள் வைப்பதாக இருந்தால் பேட்டரியைக் கழற்றிவிடச் சொல்லுங்கள், கசிந்தால் உள்ளிருக்கும் சுற்று அரித்துப்போகும். எந்தப் பொருளானாலும் வரிசை எண்ணும் ஏற்கெனவே உள்ள கீறலும் சீட்டில் ஏற வேண்டும். எல்லாப் பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள், கடையின் மேசை மேல் வைத்தே.

மீட்பதா, விற்பதா

பலரும் பேச விரும்பாத கணக்கு இது. மீட்கப் போவதில்லை என்று உள்ளூரத் தெரிந்த பொருளை அடகு வைப்பது, அதை மிக மோசமான விலைக்கு விற்பதற்குச் சமம். இன்று விற்றால் உலோக மதிப்பில் சிறிய கழிவு போக மீதி கையில் வரும். அடகு வைத்து விட்டுவிட்டால் முக்கால் பங்கு மட்டும் வந்திருக்கும். மிச்சக் கால் பங்கை வட்டியும் ஏலச் செலவும் தின்னும். குடும்பத்தில் "விற்றுவிட்டோம்" என்பதைவிட "வைத்திருக்கிறோம்" என்பது கேட்க இதமாக இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் அடகுக் கடையை 'அத்தை' என்று செல்லமாகச் சொல்லும் வழக்கமும் இந்தக் கூச்சத்தில் பிறந்ததுதான், பொருள் அத்தை வீட்டில் பத்திரமாக இருக்கிறதாம்! இத்தாலியில் பெருஜியா நகரில் 1462இல் பிரான்சிஸ்கன் துறவிகளின் முயற்சியால் ஏழைகளுக்கான பொது அடகு நிலையம் தொடங்கியபோதும் நோக்கம், மீட்கக்கூடியவருக்குக் குறைந்த வட்டியில் கொடுப்பது. மீட்க வழியில்லாதவருக்கு எந்த வட்டியும் குறைந்த வட்டி ஆகாது.

ஆறு மாதத்துக்குள் வரும் உறுதியான பணம், எழுதிக் காட்டக்கூடிய பணம் இருந்தால் வையுங்கள். இல்லாவிட்டால் இரண்டு உருப்படிகளில் ஒன்றை விற்று மற்றதை வீட்டிலேயே வைத்துக்கொள்வது, இரண்டையும் வைத்து இரண்டையும் இழப்பதைவிட மேல்.

தவணை தவறினால்

கெடு முடிந்த மறுநாளே பொருள் போய்விட்டதாக எண்ணிப் பயந்து ஒதுங்கிவிடுகிறவர்கள் உண்டு. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 176ஆம் பிரிவுப்படி விற்பதற்கு முன் நியாயமான அறிவிப்புத் தர வேண்டும். 177இன்படி விற்பனை உண்மையில் நடந்து முடியும்வரை, தவறியதால் ஏற்பட்ட செலவையும் சேர்த்துக் கட்டி மீட்கலாம். ஏல அறிவிப்பு பழைய முகவரிக்குப் போய்த் திரும்புவதால்தான் பலருக்கு விஷயமே தெரியாமல் போகிறது. வீடு மாறினால், எண் மாறினால், எழுத்தில் தெரிவித்து அத்தாட்சி வாங்குங்கள்.

ஏலத்தில் போனால் கணக்குக் கேளுங்கள்: என்ன விலைக்குப் போனது, செலவு எவ்வளவு, மிச்சம் எவ்வளவு. ரிசர்வ் வங்கியின் அந்த விதிகளின்படி அடிமட்ட ஏல விலை நடப்பு மதிப்பில் 90 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, இரண்டு முறை ஏலம் போகாவிட்டால் 85. மிச்சத்தை ஏழு வேலை நாளுக்குள் தர வேண்டும். பற்றாக்குறை வந்தால்? அமெரிக்காவில் அடகுக் கடைக் கடன் பொதுவாகப் பொருளோடு முடிந்துவிடும். இந்தியாவிலும் பிரிட்டனிலும் சட்டப்படி மீதியைக் கேட்கலாம்.

மீட்கும் நாள்

முந்தைய நாளே மொத்தம் எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். பொருள் வேறு இடத்துப் பெட்டகத்தில் இருந்தால் கொண்டுவர ஓரிரு நாள் ஆகலாம், அந்த நாள்களுக்கு வட்டி ஓடாது என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். சீட்டு, அடையாள அட்டை இரண்டும் வேண்டும். வேறொருவரை அனுப்புவதானால் கையெழுத்திட்ட அதிகாரக் கடிதம் வேண்டும். சீட்டுத் தொலைந்தால் அன்றைக்கே எழுத்தில் சொல்லிவிட வேண்டும், சீட்டைக் கொண்டு வருபவரிடம் பொருளைக் கொடுத்துவிடும் இடங்கள் உண்டு.

முத்திரையிட்ட பையை உங்கள் கண்ணெதிரே பிரிக்கச் சொல்லுங்கள். 'பெற்றுக்கொண்டேன்' கையெழுத்து, எடை பார்த்த பிறகுதான். ஒவ்வொரு உருப்படியும் சீட்டிலுள்ள எடையோடு 0.01 கிராம் வரை ஒத்துப்போக வேண்டும். உரைகல்லில் போகும் துகள் அந்தத் தராசில் தெரியாத அளவு. அதற்கு மேல் குறைந்தால் விளக்கம் கேட்க வேண்டிய விஷயம். காதணியின் திருகாணி, சங்கிலியின் கொக்கி, மோதிரத்தின் கல் இவற்றை எண்ணிப் பாருங்கள், காணாமல் போவது அனேகமாகத் திருகாணிதான். முழுப் பணமும் கட்டிய பிறகு அதே நாளிலோ அதிகபட்சம் ஏழு வேலை நாளுக்குள்ளோ நகையைத் தர வேண்டும், தாமதம் கடன் கொடுத்தவரால் என்றால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு என்பதும் ரிசர்வ் வங்கி விதியில் உண்டு.

பழைய சீட்டில் 'மீட்கப்பட்டது' என்று தேதியோடு முத்திரை போட்டு ஒரு படி வாங்கிக்கொள்ளுங்கள். வாகனமென்றால் வேலை இன்னும் முடியவில்லை. கடன் தீர்ந்ததற்கான சான்றை வாங்கி, பதிவு அலுவலகத்தில் கொடுத்து, பதிவுச் சான்றிலிருந்து கடன் கொடுத்தவர் பெயரை நீக்க வேண்டும். இந்தியாவில் அதற்குப் படிவம் 35. இதை விட்டுவிட்டவர்களுக்கு வண்டியை விற்கப் போகும் நாளில்தான் அது நினைவுக்கு வரும். அதற்குள் கடன் கொடுத்த நிறுவனம் வேறு பெயருக்கு மாறியிருந்தால் யாரிடம் கையெழுத்து வாங்குவது என்ற புது அலைச்சல்.